கணவன் கொடுத்த மனு, இரண்டு மருத்துவர் சான்றிதழ்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புத்தி தெளிவாக இருக்கும் பெண்ணைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் அடைத்துவிடும் சரித்திரக் கதைகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழிலும் இத்தகைய நாவல்கள் வர வேண்டும் என்று கட்டுரையாளர் கேட்டிருந்தார். எனக்கும் அதே ஆசைதான். ஆனால் அந்தக் கட்டுரை சிலாகித்த காட்சிகளில் பல நடந்திருக்க முடியாதவை. எழுத உட்காருகிறவர்கள் அவற்றையே முன்மாதிரியாக எடுத்துக்கொண்டால் உண்மையான அநியாயம் கதைக்குள் வராமலே போய்விடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

வழக்கமான காட்சியை எல்லோருக்கும் தெரியும். சொத்துக்கு ஆசைப்பட்ட கணவன் மருத்துவர் கையில் பண முடிப்பைத் திணிக்கிறான். நள்ளிரவில் மூடிய வண்டி வருகிறது. இரும்புக் கதவு சாத்தப்படுகிறது, சங்கிலி, சாட்டை, மின்சார அதிர்ச்சி. உண்மையில் பெரும்பாலும் லஞ்சத்துக்குத் தேவையே இருக்கவில்லை. சட்டம் கேட்ட தாள்கள் எல்லாம் இருந்தன, கையெழுத்துகள் சரியாக இருந்தன, தேதிகள் பொருந்தின. அதனால்தான் அந்தப் பெண்களால் வெளியே வர முடியவில்லை. ஆகவே கதை எழுதுகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியவை மூன்று: எந்த நாடு, எந்த ஆண்டு, காப்பகத்துக்குப் பணம் கட்டுவது யார். இந்த மூன்றும் தெரிந்தால்தான் அவளை உள்ளே அனுப்பிய தாள் எது, வெளியே கொண்டுவரக்கூடிய தாள் எது என்பது தெரியும்.

இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். 1774 வரை தனியார் பைத்திய விடுதிகளுக்கு உரிமம்கூட வேண்டியதில்லை. அந்த ஆண்டுச் சட்டம் உரிமத்தையும் ஒரு மருத்துவர் சான்றிதழையும் கட்டாயமாக்கியது. 1828-ல் அது இரண்டு சான்றிதழ் ஆனது. 1845-ல் வந்த சட்டம்தான் விக்டோரியா காலக் கதைகள் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை. பணம் கட்டிச் சேர்க்கப்படும் ஒருவரை அடைக்க அதன்படி தேவைப்பட்டவை ஒரு சேர்க்கை உத்தரவும் இரண்டு மருத்துவர் சான்றிதழும் மட்டுமே. அந்த உத்தரவில் நீதிபதி கையெழுத்திட வேண்டியதில்லை. கணவன்கூட வேண்டியதில்லை. குடும்ப நண்பர் ஒருவர், தனக்கும் நோயாளிக்கும் என்ன தொடர்பு என்று குறிப்பிட்டுக் கையெழுத்துப் போட்டால் போதும். கூடவே ஒரு விவரப் படிவம்: பெயர், வயது, திருமணம் ஆனவரா, மதம், முன்பு எங்கே வசித்தார், இது முதல் தடவையா, எவ்வளவு காலமாக, காரணம் என்னவென்று கருதுகிறீர்கள், வலிப்பு உண்டா, தற்கொலை எண்ணம் உண்டா, பிறருக்கு ஆபத்தா. இதை நிரப்புவது அவளை அடைக்க நினைப்பவரே.

சான்றிதழுக்கும் விதிகள் இருந்தன. மருத்துவர்கள் இருவரும் அவளைத் தனித்தனியே பார்க்க வேண்டும். பார்த்த ஏழு நாளுக்குள் அவள் உள்ளே போயாக வேண்டும், இல்லையென்றால் சான்றிதழ் செல்லாது. இருவரும் தொழிலில் கூட்டாளிகளாக இருக்கக் கூடாது. விடுதியின் உரிமையாளர் சான்றளிக்கக் கூடாது. சான்றிதழில் இரண்டு பகுதிகள் உண்டு: நானே கண்ட அறிகுறிகள், பிறர் எனக்குச் சொன்னவை. முதல் பகுதியைக் காலியாக விட முடியாது.

படிக்கும்போது நல்ல பாதுகாப்பாகத்தான் தெரிகிறது. ஓட்டை எங்கே என்றால், மருத்துவர் அவளைப் பார்ப்பதற்கு முன்பே கணவனிடம் பேசிவிடுகிறார். இரண்டாவது பகுதியில் எழுத வேண்டியது முதலில் காதில் விழுந்துவிடுகிறது, முதல் பகுதியை அதற்கு ஏற்றாற்போல அவர் கண் தேடுகிறது. வந்திருப்பவர் மருத்துவர் என்று பல நேரம் அவளிடம் சொல்வதும் இல்லை. அவள் கோபப்பட்டால் கிளர்ச்சி நிலை. அமைதியாகப் பேசினால் நோயை மறைக்கும் சாமர்த்தியம். கணவன் துரோகம் செய்கிறான் என்று சொன்னால் அது சந்தேகப் பித்து. அது உண்மையா என்று விசாரிக்க எந்த விதியும் மருத்துவரைக் கட்டாயப்படுத்தவில்லை. இதில் யாரும் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. இந்த இடத்தை ஒரு நாவலாசிரியர் நிதானமாக, ஒரு முழு அத்தியாயமாக எழுத வேண்டும் என்பது என் விருப்பம். சாட்டையடியை விட இதுதான் பயங்கரம்.

ஜார்ஜினா வெல்டன் வழக்கில் இந்த விதிகள் ஒவ்வொன்றும் எப்படி வேலை செய்தன என்பதைப் பாருங்கள். கணவரைப் பிரிந்து லண்டனில் டாவிஸ்டாக் இல்லத்தில் இருந்துகொண்டு, அநாதைக் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து வந்தவர். ஆவிகளோடு பேசுவதில் நம்பிக்கை உள்ளவர். அவருக்கு ஆண்டுக்கு 1,000 பவுண்டு கொடுத்துவந்த கணவர் அந்தச் செலவைக் குறைக்க நினைத்தார். 1878 ஏப்ரலில், அநாதை விடுதியில் அக்கறை உள்ளவர்கள் என்று சொல்லிக்கொண்டு பொய்ப் பெயரில் இருவர் வந்து பேசிவிட்டுப் போனார்கள். அதில் ஒருவர் ஃபோர்ப்ஸ் வின்ஸ்லோ, பைத்திய விடுதி நடத்துகிறவர். உரிமையாளர் சான்றளிக்கக் கூடாதே, அதனால் அன்று மாலையே வேறு இரண்டு மருத்துவர்கள் வந்தார்கள். உத்தரவில் கையெழுத்திட்டவர் குடும்ப நண்பரான ஒரு ஜெனரல். தன்னைப் பிடித்துப்போக ஆட்கள் வந்தபோது வெல்டன் கதவை அடைத்துக்கொண்டார், பிறகு வீட்டை விட்டுத் தப்பினார். ஏழு நாள் தலைமறைவாக இருந்தார். ஏழு நாள் ஏன் என்பது இப்போது புரிந்திருக்கும்: சான்றிதழ் காலாவதியாக வேண்டும். இந்தக் கணக்கை அறிந்து அவருக்குத் துணை நின்றவர் லூயிசா லோ, தானே 1870-ல் அடைக்கப்பட்டு வெளியே வந்து, 1873-ல் பைத்தியச் சட்டச் சீர்திருத்தச் சங்கத்தைத் தொடங்கியவர்.

உள்ளே போனபின் தப்பியவர்களுக்கு வேறு கணக்கு. தப்பிய 14 நாளுக்குள் பிடித்தால் பழைய உத்தரவின் பேரிலேயே திரும்ப அடைக்கலாம். 14 நாள் கடந்துவிட்டால் எல்லாத் தாள்களையும் புதிதாக வாங்க வேண்டும். ஓடி ஒளியும் பெண்ணைப் பற்றி எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல கடிகாரம் கிடைக்காது. ஆனாலும் கதைகளில் அவள் காட்டிலும் மேட்டிலும் காரணமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கிறாள்.

வெல்டனால் உடனே வழக்குப் போட முடியவில்லை. மணமான பெண் தன் பெயரில் தனியாக வழக்குத் தொடுக்க 1882-ம் ஆண்டு மணமான பெண்கள் சொத்துச் சட்டம் வர வேண்டியிருந்தது. அது வந்தபின் 1884-ல் அந்த மருத்துவர்கள் மேல் வழக்குத் தொடுத்து, தானே நின்று வாதாடி இழப்பீடு பெற்றார். 1860-களில் நடக்கும் கதையில் மனைவி விடுதலையானதும் கணவனைக் கூண்டில் ஏற்றுகிறாள் என்று எழுதினால் அது அந்தக் காலம் அல்ல.

இன்னொரு விஷயம் பலரும் கவனிப்பதில்லை. ஏழைகள் விஷயத்தில் அந்த நாட்டில் ஒரு மருத்துவர் சான்றிதழோடு மாஜிஸ்திரேட் உத்தரவும் தேவைப்பட்டது. பணம் கட்டும் குடும்பத்துப் பெண்ணுக்கு அந்த மாஜிஸ்திரேட் கிடையாது. குடும்ப மானம் வெளியே போகக் கூடாது என்பதுதான் காரணம். 1890 சட்டம்தான் அவர்களுக்கும் நீதித்துறை அதிகாரியின் உத்தரவைக் கட்டாயமாக்கியது. விண்ணப்பம் கொடுப்பவர் கூடுமானவரை கணவனோ மனைவியோ உறவினரோ ஆக இருக்க வேண்டும், வேறு யாராவது என்றால் ஏன் என்று எழுத வேண்டும் என்றும் வைத்தது. அவசர உத்தரவு என்ற பின்வாசல் அதிலும் இருந்தது, ஆனால் ஏழு நாளுக்குத்தான் செல்லும். ஆகவே 1889-ல் நடக்கும் கதையும் 1891-ல் நடக்கும் கதையும் ஒன்றாக இருக்கவே முடியாது.

வெளியே வரும் வழி? உத்தரவில் கையெழுத்திட்டவரே எழுதிக் கொடுத்தால் அவளை விட்டுவிடலாம், ஆபத்தானவள் என்று விடுதி மருத்துவர் தடுக்காத வரை. அதாவது பூட்டியவன் கையிலேயே சாவி. இரண்டாவது வழி, காப்பகங்களைக் கண்காணிக்க 1845-ல் ஏற்படுத்திய லூனசி (பைத்தியச் சட்ட) ஆணையர்கள். உரிமம் பெற்ற விடுதிகளில் மருத்துவர் ஒருவரும் வழக்கறிஞர் ஒருவருமாக இரண்டு ஆணையர்கள் வந்து பார்த்து, குறைந்தது ஏழு நாள் இடைவெளி விட்டு மறுபடியும் பார்த்து, அடைத்து வைக்கப் போதிய காரணம் இல்லை என்று கண்டால் விடுவிக்கலாம். 1862-க்குப் பிறகு ஆணையர்களுக்கு எழுதும் கடிதத்தைப் பிரிக்காமல் அனுப்ப வேண்டும். அண்ணனுக்கோ மகளுக்கோ எழுதும் கடிதத்தைத் தலைமை மருத்துவர் நிறுத்தி வைக்கலாம். மகள் பதில் போடவில்லையே என்று ஏங்கிக்கொண்டிருக்கும் தாயின் கடிதம் அலுவலக மேசை இழுப்பறைக்குள்ளேயே கிடக்கலாம், அதுவும் சட்டப்படி.

அரசியல்வாதி புல்வர் லிட்டனின் மனைவி ரோசினா, அடைக்கப்பட்ட மூன்று வாரத்தில் வெளியே வந்ததற்கு இந்த விதிகள் மட்டும் காரணமல்ல. 1858 ஜூனில் ஹெர்ட்ஃபோர்டு தேர்தல் மேடையில் ஏறி, அமைச்சர் பதவி ஏற்கவிருந்த தன் கணவரைக் கூட்டத்தின் முன்னால் வைத்துக் கேள்வி கேட்டார். சில நாட்களில் லண்டனுக்கு வந்த இடத்தில் பிடித்து, பிரெண்ட்ஃபோர்டில் ஒரு விடுதிக்குக் கொண்டு போனார்கள். அவர் வாழ்ந்த டான்டன் ஊர் மக்கள் கொதித்தார்கள், பத்திரிகைகள் எழுதின, கணவர் பின்வாங்கினார். அந்த விடுதியை நடத்தியவர் யார் தெரியுமா? ராபர்ட் கார்டினர் ஹில். லிங்கன் காப்பகத்தில் சங்கிலியையும் கட்டையும் அடியோடு ஒழித்துப் பெயர் பெற்றவர். சங்கிலியை ஒழித்த கருணையுள்ள மருத்துவர் வீட்டில்தான் நோயில்லாத பெண் அடைபட்டுக் கிடந்தார். அரக்கனைப் போன்ற மருத்துவரை உருவாக்கும் கதைகளை விட இது எவ்வளவு கனமான விஷயம்!

அமெரிக்காவில் சட்டம் இன்னும் வெளிப்படையாகவே பெண்ணுக்கு எதிராக இருந்தது. இல்லினாய் மாநிலத்தின் 1851 சட்டப்படி, மற்றவர்களை அடைக்கத் தேவையான சாட்சியம் எதுவும் மணமான பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் தேவையில்லை. கணவன் கேட்டுக்கொண்டு, காப்பகக் கண்காணிப்பாளர் ஒப்புக்கொண்டால் போதும். கன்னிப் பெண்ணுக்கு இருந்த பாதுகாப்பு தாலி ஏறியதும் போய்விடும் என்று நம் ஊர் வழக்கில் சொல்லலாம்.

மான்டினோ ஊரில் பாதிரியாரின் மனைவியாக இருந்தவர் எலிசபெத் பாக்கர்ட். ஆறு குழந்தைகளின் தாய். தேவாலயத்தின் வேத வகுப்பில் கணவரின் போதனைக்கு மாறான கருத்துகளைச் சொன்னார். 1860 ஜூன் 18 காலையில், கணவரின் சபையைச் சேர்ந்த மருத்துவர்கள் இருவர் அவர் நாடியைப் பிடித்துப் பார்த்துப் பைத்தியம் என்றார்கள். தானாக நடந்து வர மாட்டேன் என்று அவர் உட்கார்ந்துவிட்டார், தூக்கிக்கொண்டு போய் ரயிலில் ஏற்றினார்கள். ஜாக்சன்வில் அரசுக் காப்பகத்தில் முதலில் நல்ல வார்டு. கண்காணிப்பாளர் மெக்ஃபார்லண்டின் தவறுகளைச் சுட்டி எழுதிக் கொடுத்ததும், முற்றிய நோயாளிகள் இருந்த எட்டாவது வார்டுக்கு மாற்றப்பட்டார். வார்டு மாற்றம்தான் காப்பகங்களில் தண்டனை. அடி உதை என்றால் அதற்குச் சாட்சி வேண்டும், வார்டு மாற்றம் சிகிச்சை என்றே பதிவாகும்.

அங்கே அவர் செய்த முதல் காரியம் அழுக்கேறிக் கிடந்த சக நோயாளிகளைக் குளிப்பாட்டி, அறைகளைக் கழுவியது. எழுதியதையெல்லாம் கண்ணாடிச் சட்டத்தின் பின்பக்கத்திலும் தொப்பியின் உள்துணிக்கு இடையிலும் ஒளித்து வைத்தார்.

மூன்று ஆண்டு கழித்து 1863-ல் விடுவித்தார்கள். வீட்டுக்கு வந்தவரைக் கணவர் ஒரு அறையில் போட்டு ஜன்னலை ஆணியடித்துப் பூட்டினார். வேறொரு மாநிலக் காப்பகத்துக்கு அனுப்ப ஏற்பாடும் நடந்தது. கணவர் தவறு செய்த இடம் இதுதான். காப்பகத்தில் மனைவியை அடைக்கச் சட்டம் இடம் கொடுத்தது, சொந்த வீட்டில் பூட்டி வைக்க இடம் கொடுக்கவில்லை. ஜன்னல் இடுக்கு வழியாக வெளியே போன ஒரு கடிதம் சிநேகிதிக்குக் கிடைத்தது, நீதிபதி சார்லஸ் ஸ்டாரிடம் ஆட்கொணர்வு மனு போனது. 1864 ஜனவரியில் கேங்ககீ ஊரில் ஜூரி விசாரணை. சாட்சி சொன்ன மருத்துவர் ஒருவர், தையல் இயந்திரம் விற்க வந்தவர் போல நடித்து அவரிடம் பேசியவர். தன்னைப் பைத்தியம் என்று சொன்னால் பாக்கர்ட்டுக்குப் பிடிக்கவில்லை என்பதையும் பைத்தியத்துக்கான அறிகுறிகளில் ஒன்றாக அந்த மருத்துவர் வாசித்தார். ஜூரி ஏழே நிமிடத்தில் புத்தித் தெளிவு உள்ளவர் என்று தீர்ப்புச் சொன்னது. ஆனால் அவர் வெளியே வந்து பார்த்தால் கணவர் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு, வீட்டுச் சாமான்களோடு மாசசூசெட்ஸ் போயிருந்தார். சட்டப்படி குழந்தைகளும் அவருடையவர்கள், சாமான்களும் அவருடையவை. பாக்கர்ட் ஊர் ஊராகப் போய்த் தன் புத்தகங்களை விற்று, சட்டமன்றங்களின் வாசலில் நின்றார். 1867-ல் இல்லினாயில், ஜூரி விசாரணை இல்லாமல் யாரையும் அடைக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. 1872-ல் ஐயோவாவில் நோயாளிகளின் கடிதங்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது.

பிரான்ஸில் 1838 சட்டப்படி ஒரே ஒரு மருத்துவர் சான்றிதழும் குடும்பத்தார் கோரிக்கையும் போதும். பியானோ கலைஞர் எர்சிலி ரூயி 1854 முதல் 1868 வரை, 14 ஆண்டு, காப்பகம் மாற்றிக் காப்பகமாக அடைபட்டிருந்தார். அவர் பெயரே வேறாகப் பதிவு செய்யப்பட்டிருந்தது.

இனிக் கால வழுக்கள். மின் அதிர்ச்சிச் சிகிச்சை 1938-ல் ரோமில் தொடங்கியது. மனநோய்க்காக மூளையில் செய்யும் அறுவை 1935, லிஸ்பன். இன்சுலின் கொடுத்து மயக்க நிலைக்குக் கொண்டுபோகும் சிகிச்சை 1930-களின் தொடக்கம். இவை எதையும் விக்டோரியா காலக் கதையில் வைக்க முடியாது. ஸ்கிசோஃப்ரீனியா (மனச்சிதைவு) என்ற பெயர் 1908-ல் வந்தது. அதற்கு முன் மேனியா என்ற வெறி நிலை, மெலன்கோலியா என்ற ஆழ்ந்த சோக நிலை, பிரசவப் பித்து, ஒரே விஷயத்தில் மட்டும் புத்தி பிசகியிருக்கும் மோனோமேனியா, புத்தி தெளிவாக இருந்தும் நடத்தை மட்டும் பிசகியது என்று 1835-ல் மருத்துவர் பிரிச்சார்டு கொண்டுவந்த ஒழுக்கப் பித்து. கடைசி இரண்டும்தான் அடங்காத பெண்களுக்கு வசதியாகப் பொருந்தின, ஏனென்றால் மற்ற எல்லாவற்றிலும் அவள் தெளிவாகப் பேசுவதை அவை விளக்கிவிடும். தூக்க மருந்தில் குளோரல் ஹைட்ரேட் வந்தது 1869-ல்தான், அதற்கு முன் அபின், மார்ஃபியா. சாப்பிட மறுத்தால் குழாய் வைத்து ஊட்டுவார்கள். ஜன்னல் கண்ணாடி சில அங்குலத்துக்கு மேல் திறக்காதபடி தடுத்திருப்பார்கள். பெண்களுக்குச் சலவைக்கூடத்திலும் தையலறையிலும் வேலை. நன்றாக வேலை செய்கிறவளை விட்டுவிட நிர்வாகத்துக்கு அவசரம் இருக்காது.

நோயாளிப் பதிவேட்டை நாவலாசிரியர்கள் பயன்படுத்திக்கொள்ளாதது எனக்கு வருத்தம். சேர்ந்த அன்று எடை, உடலில் இருந்த காயங்கள், சான்றிதழின் நகல் என்று பக்கம் நிரம்பியிருக்கும். முதல் வாரங்களில் ஓரளவு விவரமாக எழுதுவார்கள். பிறகு இடைவெளி நீண்டு மூன்று மாதத்துக்கு ஒரு வரி, ‘மாற்றம் இல்லை’ என்று. தன்னை அநியாயமாக அடைத்ததாக அவள் சொல்வதும் அதே பதிவேட்டில் இருக்கும், பிரமைகளின் வரிசையில். ஒரு பெண்ணின் பத்து ஆண்டு வாழ்வை இப்படிப் பத்து வரியில் காட்டிவிடலாம்.

எனக்கு மிகவும் உறுத்துவது வேறு. இந்தக் கதைகளில் நாயகி ஒருத்திதான் தெளிவானவள். சுற்றி இருப்பவர்கள் எல்லாம் அலறுகிறார்கள், நகத்தால் பிராண்டுகிறார்கள், சுவரோடு பேசுகிறார்கள். அவர்களுக்குப் பெயர்கூட இல்லை. பிரசவத்துக்குப் பின் மனம் கலங்கி வந்து, சில மாதத்தில் தேறி வீட்டுக்குப் போன பெண்கள் ஏராளம். வலிப்பு நோயாளிகள், வறுமையில் உடைந்தவர்கள், போக்கிடம் இல்லாத முதியவர்கள் இருந்தார்கள். இங்கிலாந்தின் காப்பகங்களில் பெரும்பான்மையினர் ஏழைகள்; அவர்களை அடைக்க எந்தச் சொத்துச் சதியும் தேவைப்படவில்லை. எண்ணிக்கையில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சமம். நோய் இருந்தாலும் அவர்களையும் அப்படி நடத்தியிருக்கக் கூடாது. எட்டாவது வார்டில் பாக்கர்ட் கையில் எடுத்த வாளித் தண்ணீரை ஒரு நாவலாசிரியர் மறக்கலாமா?

சென்னையில் கதையை நடத்த நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கிலாந்துக் கதையை அப்படியே கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவர முடியாது. கீழ்ப்பாக்கம் காப்பகம் 1871-ல் திறந்தது. அப்போது நடப்பில் இருந்தவை 1858-ல் வந்த 34, 35, 36 எண் சட்டங்கள். முதல் இரண்டும் சொத்துள்ளவர்களின் புத்தித் தெளிவு பற்றிய நீதிமன்ற விசாரணைக்கு, மூன்றாவது காப்பகங்களுக்கு. பெரும்பாலானவர்கள் வந்தது போலீஸ், மாஜிஸ்திரேட் வழியாக. தெருவில் திரிந்தவர்கள், ஆபத்து என்று கருதப்பட்டவர்கள். ஆண்கள் பெண்களைவிட மிக அதிகம். வசதியுள்ள குடும்பங்கள் காப்பகத்தைத் தேடவில்லை, வீட்டுக் கொல்லைப்புற அறை இருந்தது, கோயில் மண்டபம் இருந்தது. சொத்துக்காக ஒரு பெண்ணைப் புத்தி சரியில்லாதவள் ஆக்க வேண்டுமென்றால், தஞ்சாவூர்ப் பண்ணையார் வீட்டுக் கதை மாவட்ட நீதிமன்றத்தில் 35-ம் எண் சட்டத்தின் கீழ்த் தொடங்க வேண்டும். அவளை நீதிபதி முன் கொண்டுவருவார்களா, கோஷா (அந்நிய ஆண்கள் முன் வராதவள்) என்று சொல்லி வீட்டிலேயே வைத்து விசாரிப்பார்களா, திரைக்குப் பின்னாலிருந்து அவள் சொல்லும் பதிலை நீதிமன்றத்துக்கு எடுத்துச் சொல்வது யார் என்ற கேள்விகளிலிருந்து அந்த நாவலை எழுதத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கும்பகோணம்